மீன்பெட்டியில் வெந்த கணினியும் சோளகத்தில் குளிர்ந்த கணினியும்

அடம்பனில் மீளக் குடியேறிய முதல் வருடம், எரிந்துபோன மூன்று நீர்ப்பம்புகளைப் பிரித்து ஒரு பம்பாக்கி, ஓர் ஒழுங்கைத் தெரு முழுவதற்கும் தண்ணீர் இறைத்தவன் நான். உயிலங்குளத்தில் கூரையில்லாமல் நின்ற நெல் ஆலையை வள்ளத்து எஞ்சினைப் பூட்டி ஓடவிட்டவன் நான். ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கியையும் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கியையும் ஒரே மேசையில் வைத்துத் திருத்தி, மாறிப் போகாமல் திருப்பிக் கொடுத்தவனும் நான்தான். கடைசியாக, கணினி ஒன்றை எண்ணெய்க்குள் இறக்கி, முப்பது மணித்தியாலம் நிற்காமல் ஓடவைத்தேன். மன்னாரில் அதை முதலில் செய்தவன் நான். உலகத்தில் முதலில் செய்தவன் என்று சொல்லமாட்டேன். உலகத்தை நான் பார்க்கவில்லை.

நான் படித்தது நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் அதற்குமேல் ஒத்துவரவில்லை. மோட்டர் சுற்றினேன், ஜெனரேட்டர் திருத்தினேன். அதனால்தான் இன்றைக்கும் மன்னார்த் தீவில் யாரைக் கேட்டாலும் ‘மோட்டர் தவராசா’ என்றால் தெரியும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் இப்போது கண்ணாடித் தொட்டிக்குள் நீல விளக்குப் போட்டு, குமிழி விட்டு, கணினி விளையாட்டுக்காரப் பிள்ளைகளின் கணினிகளை எண்ணெயில் அமிழ்த்துகிறீர்கள். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. உங்கள் பயிற்சிப் புத்தகத்துக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டீர்கள். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் போனிலேயே இருக்கிறது. எல்லாரும் ‘தொடங்கு, தொடங்கு’ என்று கத்தும்போது தொடங்காமல் நிற்பது எப்படி என்று போனில் இல்லை. அதை எழுதுகிறேன்.

போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம். பெருநிலத்தில் வயல்கள் இருந்தன, வரம்புகள் இல்லை. மண் அணை கட்டியும் பதுங்குகுழி வெட்டியும் நிலத்தின் முகமே மாறிப்போயிருந்தது. காணி உறுதிகளும் அனுமதிப் பத்திரங்களும் இடம்பெயர்ந்த பாதைகளில் போய்விட்டன. யாருடைய காணி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல ஒரு வழிதான் இருந்தது. வானத்திலிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஒரே படமாக்கி, அதன்மேல் பழைய வரைபடத்தைக் கிடத்திப் பார்க்க வேண்டும். சின்னக் கணினிக்கு அந்த வேலை ஏலாது. அதற்கென்று பெரிய கணினிகள் மூன்று வந்தன. தீவில் ஒரு பழைய மீன் களஞ்சியத்தை நில அளவைக் கந்தோராக்கி, அங்கே வைத்தார்கள். தகரக் கூரை. சன்னல் கடலைப் பார்த்தபடி.

சோளகக் காற்றை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது தொடங்கினால் சோற்றில் மணல், கண்ணில் மணல், கதவுச் சாவித் துவாரத்திலும் மணல். மணலோடு உப்பு. கணினியின் காற்றாடி அதை உள்ளே இழுத்து நெஞ்சில் பூசிக்கொள்ளும். ஒரு சோளகத்தில் இரண்டு கணினிகள் செத்தன. மூன்றாவது, சூடு ஏறியதும் தானாக நிற்கப் பழகிக்கொண்டது. குளிரூட்டி போடலாமே என்பீர்கள். எங்கள் ஜெனரேட்டர் கணினியை இழுக்கும், அல்லது குளிரூட்டியை இழுக்கும். இரண்டையும் கொடுத்தால் படுத்துவிடும். படம் பொருத்தும் வேலையில் இன்னொரு கரைச்சல்: நடுவில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடர்ந்து முப்பது மணித்தியாலம் வேண்டும். மிஞ்சிய கணினி ஆறு மணித்தியாலம்கூட ஓடவில்லை.

சனிக்கிழமை காலை உயிலங்குளத்தில் கூட்டம். மாரி மழையோடு விதைக்கும் காலபோகத்துக்குக் குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் கூட்டம். வரைபடத்தில் இருக்கும் காணிக்குத் தண்ணீர். படத்தில் இல்லாத காணிக்காரர் அடுத்த வருடம் வரலாம்.

அந்தப் படத்தில்தான் என் அக்கா நாகம்மாவின் மூன்று ஏக்கர் இருந்தது. புருசனும் இல்லை, பத்திரமும் இல்லை. முகாமிலிருந்து வந்த நாள்முதல் அக்கா ஒரே கதைதான். “நிவாரண அரிசி தின்னுறதுக்கு நான் பிறக்கேல்லையடா. ஒரு போகம் விதைச்சுப்போட்டுச் சாகிறன்.”

திங்கட்கிழமை நில அளவையாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஜெனரேட்டரைப் பார்க்கத்தான் கூப்பிட்டார். நான் கணினியைப் பார்த்தேன். திறந்து வைத்து, பக்கத்தில் மேசைக் காற்றாடி சுழல, பாவம், மூச்சிழுவை நோய்க்காரன் மாதிரி இருந்தது.

“சேர், இதுக்குக் காற்றுத்தான் எதிரி. காற்றில்லாமல் வைக்கவேணும்” என்றேன்.

“காற்றில்லாட்டி வெந்துபோம், தவராசா.”

“தெருவிலை நிக்கிற டிரான்ஸ்போமர் வேகுதோ? வெயிலுக்கை, மழைக்கை நிக்குது. உள்ளுக்கை என்ன கிடக்கு? எண்ணெய். எண்ணெய்க்கை கரண்ட் பாயாது, மணல் போகாது, உப்பு போகாது. சூட்டை மட்டும் வாங்கும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. நான் வாயால் வெல்ல நிற்கவில்லை. கடைக்குப் போய், ஒரு சின்ன வானொலியின் உள்பலகையைக் கழற்றி, ஊறுகாய்ப் போத்தலில் மின்மாற்றி எண்ணெய் ஊற்றி, அதற்குள் இறக்கி, ஒலிபெருக்கியை மட்டும் வெளியே தொங்கவிட்டுக் கொண்டுவந்து அவருடைய மேசையில் வைத்தேன். போத்தலுக்குள்ளிருந்து செய்தி வாசித்தார்கள். அளவையாளர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். செய்தி முடிந்து காலநிலை சொன்னார்கள்; மன்னாரில் காற்றுப் பலமாக வீசுமாம்.

“செய்யுங்கோ” என்றார்.

மீள்குடியேறிய ஊர்களுக்கு மின்கம்பி இழுத்த ஒப்பந்தகாரரிடம் முத்திரை உடைக்காத எண்ணெய்ப் பீப்பா இருந்தது. அவருடைய வெல்டிங் மெசினை மூன்று தரம் உயிர்ப்பித்தவன் நான், கேட்டேன், தந்தார். எதற்குள் ஊற்றுவது? இது மன்னார். மீன்காரர் ஐஸ் போட்டு மீன் ஏற்றும் தடித்த சுவர்ப் பெட்டியைவிட நல்ல சாமான் என்ன இருக்கிறது? ஒழுகாது, உடையாது, கொளுத்தும் வெயிலில் ஐஸை இரண்டு நாள் வைத்திருக்கும். குளிர வைக்கிற வேலைக்குக் குளிரை வைத்திருக்கிற பெட்டி. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கணினியைக் கழற்றி இறக்கும் நேரம், கந்தோரில் வரைபடம் வரையும் பிள்ளை ஜெசிந்தா ஓடிவந்தாள். பேசாலை ஊர்க்காரி. அதிகம் பேசமாட்டாள், பேசினால் ஊசி குத்துவதுபோல் இருக்கும்.

“அண்ணை, நில்லுங்கோ. ஹார்ட் டிஸ்க்கையும் இறக்கப்போறியளோ?”

“எல்லாம்தான்.”

“இதிலை இங்கிலீசிலை எழுதிக் கிடக்கு. இந்த ஓட்டையை மூடக்கூடாதாம். மூச்சு விடுற ஓட்டை. எண்ணெய் உள்ளுக்கை போனால் படம் எல்லாம் போச்சு.”

அந்த ஓட்டை ஊசிமுனை அளவு. நான் பார்த்தேன், ஆனால் வாசிக்கவில்லை. இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. அந்தத் தட்டில்தான் முழு ஊரின் வானப் படங்களும் இருந்தன. அவள் சொல்லியிராவிட்டால் நான் ஒரு ஊரையே எண்ணெயில் அமிழ்த்தியிருப்பேன். தட்டை வெளியே எடுத்து, ஒரு பலகையில் கட்டிப் பெட்டிக்கு மேலே தொங்கவிட்டேன். பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு மொழி தெரியாவிட்டால் வெட்கப்படாமல் பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லுங்கள். நான் கேட்காமலே அவள் வாசித்தாள். அது என் கெட்டித்தனம் இல்லை, அவளுடையது. இதை நான் ஒத்துக்கொள்வதால் மற்றதையும் நம்புவீர்கள்.

செவ்வாய் காலை மின் ஆளியைப் போட்டேன். எண்ணெய்க்குள் காற்றாடிகள் மெல்லமாகச் சுழன்றன, கூழ் துழாவுவதுபோல. திரையில் படம் ஓடத் தொடங்கியது. ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். அளவையாளர் என் தோளில் தட்டினார். நான் தேநீர்க் கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். இல்லாதவர்களுக்குச் சொல்லும்படியும் சொன்னேன். இரண்டாவது தேநீர் குடிக்கும்போது ஜெசிந்தா வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணை, நிண்டுபோச்சு.”

ஓடினேன். திரை கறுப்பு. எண்ணெய்க்குள் விரலை விட்டேன், உடனே எடுத்துவிட்டேன். அப்படிச் சூடு. காலையில் தொடங்கிய வேலை மண்ணாய்ப் போனது.

காணிக்காரச் சனம் ஏற்கெனவே முற்றத்தில் வந்து நின்றது. செய்தி எப்படித்தான் போகிறதோ. முன்னுக்கு என் அக்கா.

“என்னடா, வடை வெந்திட்டுதோ?”

சனம் சிரித்தது.

“அக்கா, பகிடி விடாதை.”

“நான் ஏன் பகிடி விடுறன்? தேத்தண்ணிக் கடையிலை உன்ர புகழ் கேட்டுத்தான் வந்தனான். டேய், உன்ர பெருமையை வெட்டி என்ர காணிக்கு வரம்பு போடேலுமோ? ஏலுமெண்டால் சொல்லு, மண்வெட்டி கொண்டுவாறன்.”

கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பெட்டியின் வெளிச்சுவரில் வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. உள்ளே கொதிக்கிறது, வெளியே மீன்கடைத் தரைபோலக் குளிர்கிறது. மறுபடி வைத்துப் பார்த்தேன். அப்போது ஜெசிந்தா, என்னைப் பார்க்காமல், மெல்லச் சொன்னாள்.

“ஐஸை வெளியிலை விடாத பெட்டி, சூட்டை மட்டும் விடுமோ, அண்ணை?”

தடித்த சுவருக்கு ஐஸ் எது, சூடு எது என்று தெரியாது. உள்ளே இருப்பதை உள்ளே வைத்திருப்பதுதான் அதன் தொழில். எண்ணெய் சூட்டை வாங்கியது, வாங்கியது, கொடுக்க இடமில்லாமல் திரும்பவும் கணினியிடமே கொடுத்துவிட்டது. மீன் நாட்டில் பிறந்தவனைத் தவிர வேறு யாரும் விடமாட்டாத பிழை. எண்ணெய் குளிர வைக்காது, பிள்ளைகளே. எண்ணெய் சூட்டைச் சுமந்துகொண்டு போகிற கூலியாள். இறக்கிவைக்க நீங்கள் ஓர் இடம் காட்ட வேண்டும்.

இடம் எங்கே? நான் முற்றத்தைப் பார்த்தேன். சனத்தின் சேலைகளையும் சாரங்களையும் சோளகம் பிய்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கணினிகளைக் கொன்ற காற்று. இவ்வளவு நாளும் அதைச் சன்னலில் சாக்குக் கட்டித் தடுத்துக்கொண்டிருந்தோம். எண்ணெயை வெளியே கொண்டுபோய் அந்தக் காற்றிடமே காட்டினால்?

வாகனத்தின் ரேடியேற்றர் ஒன்று வேண்டும். என் கடையில் ஒரு வேன் நின்றது. தாராபுரத்து நாநா ஒருவருடையது; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்தில் இருந்து சொந்த ஊருக்குத் திரும்பிவந்தபோது அவர் கொண்டுவந்த ஒரே சொத்து. அன்றைக்குத்தான் திருத்தி முடித்திருந்தேன். போய்ச் சொன்னேன்.

“பாஸ், வேன் ரெடியா?”

“ரெடி, நாநா. ஆனால் அதன்ர ரேடியேற்றரைக் கழட்டப்போறன்.”

“அப்ப எப்புடிப் பாஸ் ரெடி?”

விசயத்தை விளக்கினேன். தாடியைத் தடவினார்.

“எங்கட காணியும் அந்தப் படத்துக்குள்ள வருமா?”

“இந்தப் படத்திலை இல்லை. அடுத்த படத்திலை. இந்த மெசின் செத்தால் அடுத்த படமும் இல்லை.”

“அப்ப ஏன் நின்டு கதைக்கிறீங்க? கழட்டுங்க. இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமைக்குப் பிறகு பூட்டித் தந்தாச் சரி.”

அடுத்தது தொட்டி. சுவர் மெல்லியதாக, இரும்பாக வேண்டும். கந்தோரில் கோப்பு வைக்கும் இரும்பு அலுமாரி ஒன்று புதிதாக நின்றது. கோப்புகள் எல்லாம் போரில் எரிந்துவிட்ட இடத்தில் அலுமாரி எதற்கு? அளவையாளர் மன்னார் ரவுனுக்குப் போன நேரம் பார்த்து அதை வெட்டிவிட்டேன். அனுமதி கேட்டிருந்தால் கடிதம் போய் வர ஒரு போகம் முடிந்திருக்கும். புதன்கிழமை மத்தியானத்துக்குள் தொட்டி ஒட்டி, ஒழுகுகிறதா என்று பார்த்து, சுவரில் துளை போட்டுக் குழாய் எடுத்து, ரேடியேற்றரை வெளிச்சுவரில் காற்றுக்கு முகம் காட்டிப் பூட்டினேன். டீசல் ஏற்றும் சின்னப் பம்பு ஒன்று எண்ணெயைச் சுற்றவிட்டது. கணினி மட்டும் இன்னும் மேசையில்.

பின்னேரம் மூன்று மணி. திரும்பிவந்த அளவையாளர் அலுமாரியைத் தேடினார். தொட்டியைப் பார்த்தார். அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுசன்.

“சரி, இறக்குங்கோ. இப்ப தொடங்கினால் நாளை இரவு முடியும். வெள்ளி முழுக்கக் கையிலை இருக்கும்.”

“ஒரு துளி பாக்கவேணும், சேர்” என்றேன்.

இங்கே நான் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் இளவயதில், ஓர் ஆலையில் மின்மாற்றி திருத்த வந்த பெரியவர் ஒருவரிடம் எடுபிடியாக நின்றேன். எட்டு மாதம். ஐயா என்று கூப்பிடுவேன். அவர் பேசிய பேச்சைக் கைவிரல்களில் எண்ணலாம். ஓர் இரும்புத் தகட்டைச் சுடவைத்து, அதன்மேல் எண்ணெய் ஒரு துளி விட்டு, “கேள்” என்பார். நல்ல எண்ணெய் சத்தமில்லாமல் புகையும். தண்ணீர் கலந்த எண்ணெய் ‘சட்’ என்று வெடிக்கும். கடுகு வெடிப்பதைவிடச் சின்னச் சத்தம். “எண்ணெய் ஆரையும் சாகடிக்காது. அதுக்கை ஒளிச்சிருக்கிற தண்ணிதான் சாகடிக்கும்” என்றது அவர் சொன்ன நீளமான வசனம். ஒருமுறை நான் அந்தச் சத்தத்தைக் கேட்டும் கேளாததுபோல இருந்தேன், வீட்டுக்குப் போகும் அவசரம். அவர் என்னை ஏசவில்லை. தகட்டைத் திரும்பச் சுடவைத்து, “கேள்” என்றார். இருபது தரம்.

அன்று கந்தோரில் தகட்டைச் சுடவைத்தேன். தொட்டியிலிருந்து ஒரு துளி விட்டேன்.

சட்.

இன்னொரு துளி. சட், சட்.

பீப்பா முத்திரை உடைக்காதது. அப்படியானால் ரேடியேற்றர். எவ்வளவு ஊதி, எவ்வளவு கவிழ்த்தும் அதன் குழாய்களுக்குள் பழைய தண்ணீர் ஒட்டிக்கிடந்திருக்கிறது. இப்போது அது எண்ணெய் முழுவதும் பரவிவிட்டது.

“இறக்க ஏலாது, சேர். தண்ணி கிடக்கு.”

“எவ்வளவு தண்ணி?”

“தெரியாது. கிடக்கு.”

“தவராசா, ஒரு சத்தத்துக்காக நிப்பாட்டுறதோ? ஓடினால் அந்தச் சூட்டிலை தானாக் காயும்தானே?”

“காயுறதுக்கு முன்னம் உள்பலகை எரிஞ்சால்? இருக்கிறது ஒரு மெசின்.”

“இருக்கிறது இரண்டு நாள்!” என்று மேசையில் அடித்தார். “மேலிடத்துக்கு நான் என்ன சொல்லுறது? அலுமாரியை வெட்டினான், பிறகு ஒரு துளியைக் கேட்டுப் பயந்திட்டான் எண்டோ?”

முற்றத்துச் சனமும் உள்ளே தலையை நீட்டியது. “தொடங்குங்கோ அண்ணை”, “கடவுள் பாத்துக்கொள்ளுவார்”, “சும்மா நேரத்தைக் கடத்திறான்.” ஒருவர், நேற்று வடைக்குச் சிரித்தவர், “பயந்திட்டார்” என்றார்.

பிள்ளைகளே, எனக்குப் பயம்தான். செவ்வாய்க்கிழமை நான் பெருமையில் தொடங்கினேன். புதன்கிழமை ரோசத்தில் தொடங்கச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே எண்ணெய்தான். நான் கணினியைத் தூக்கி, ஜெசிந்தாவின் மடியில் வைத்தேன்.

“தங்கச்சி, ஆர் கேட்டாலும் குடுக்காதை. நான் கேட்டாலும், தகட்டிலை சத்தம் நிக்கிறமட்டும் குடுக்காதை.”

அவள் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். “சேர் கேட்டாலுமோ?” என்று அளவையாளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

எண்ணெயைக் காய்ச்சித் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். கூடச் சுட்டால் எண்ணெய் தீப்பிடிக்கும், அதுவும் சோளகத்தில். குறையச் சுட்டால் தண்ணீர் போகாது. நெல் அவிக்கும் பெரிய கிடாரம் ஒன்றைத் தேடி முற்றத்துக்கு வந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பகிடி விடவில்லை.

“என்ன வேணும்?”

சொன்னேன். நான் விறகைக் காட்டியதும் தலையில் கைவைத்தாள்.

“சுவாலை வைச்சால் அடி கருகும், மேல் பச்சையாக் கிடக்கும். உமித் தணல் போடு. நான் எத்தனை வருசம் நெல் அவிச்சவள்? தணலிலை இருந்தால் அது தன்ர பாட்டிலை வேகும். நீ தள்ளி நில்லு, உனக்குப் பொறுமை இல்லை.”

ஆலையிலிருந்து உமி வந்தது. களஞ்சியத்தின் பின்சுவர் மறைவில், காற்றுப் படாத மூலையில், அக்கா தணல் போட்டாள். கிடாரத்தின் வாயை மெல்லிய சீலையால் கட்டினாள், ஆவி போகவும் மணல் விழாமலும். அருகே மண் நிரப்பிய வாளிகள் வைக்கச் சொன்னேன், தீ என்றால் மூடுவதற்கு. எண்ணெய் மேலே சிறுகுமிழி விட்டது. நாநா ரேடியேற்றரை வெயிலில் கவிழ்த்து, சூடான எண்ணெயால் மூன்று தரம் அலசினார்.

வியாழன் காலை துளி விட்டேன். சட். பத்து மணிக்கு விட்டேன். சட், ஆனால் மெலிவாக. அளவையாளர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் வெளியே போவதுமாக இருந்தார். பதினொரு மணிக்கு அக்கா சொன்னாள், “இனிக் குமிழி இல்லை. பார்.”

தகட்டில் துளி விழுந்தது. புகைந்தது. சத்தமில்லை. இன்னொன்று. சத்தமில்லை. அளவையாளரையே ஒரு துளி விடச் சொன்னேன். குனிந்து காதைக் கொடுத்தார். நிமிர்ந்து தலையாட்டினார்.

ஆறவிட்டு, தொட்டியில் ஊற்றி, ஜெசிந்தாவின் மடியிலிருந்து கணினியை வாங்கி இறக்கியபோது பகல் ஒரு மணி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முப்பது மணித்தியாலம் என்றால் வெள்ளி மாலை ஏழு மணி. சனி காலை கூட்டம். ஒரு தரம் நின்றாலும் எல்லாம் முடிந்தது.

நிற்கவில்லை. வெள்ளி காலை எண்ணெயில் விரலை விட்டேன். பிள்ளைக்குக் குளிக்க வார்க்கும் தண்ணீரின் சூடு, அதற்குமேல் இல்லை. வெளியே சோளகம் ரேடியேற்றரில் விசிலடித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் அந்த விசில் நின்றது. சோளகத்தின் கடைசிக் கிழமைகள்; காற்று நினைத்தால் வரும், நினைத்தால் படுக்கும். வெப்பமானி ஏறத் தொடங்கியது. முழுக் கோடைக்கும் அந்தக் காற்றைத் திட்டிய சனம், அன்று கடலைப் பார்த்து அதைக் கூப்பிட்டது. நான் கூப்பிடவில்லை. சாக்குகளைக் கிணற்றில் நனைத்து ரேடியேற்றரின் மேல் போட்டேன். நாநாவும் சனமும் வரிசையாக நின்று வாளி கைமாற்றினார்கள். உள்ளே ஒளித்திருந்தால் கொல்லும் தண்ணீர், வெளியே ஊற்றினால் காப்பாற்றியது. நாலு மணிக்குக் காற்று எழும்பியது.

ஏழு மணிக்கு முன்பே திரையில் படம் முழுமையாக நின்றது.

சனிக்கிழமை கூட்டத்தில் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். சனம் நெரித்தது. அக்கா கடைசியாகப் போனாள். குளத்தைக் கண்டுபிடித்தாள், வாய்க்காலைக் கண்டுபிடித்தாள், ஒற்றையாய் நின்ற மருதமரத்தைக் கண்டுபிடித்தாள். அங்கிருந்து விரலை மெல்ல இழுத்து ஒரு கோட்டில் நிறுத்தினாள்.

“இதுதான் என்ர வரம்பு” என்றாள். விரலை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

அந்தக் காலபோகம் அவள் விதைத்தாள். நாநாவின் ரேடியேற்றர் திரும்ப வேனுக்குப் போக ஒன்பது மாதமானது. அவருடைய ஊர்ப் படமும் அதே தொட்டியில்தான் பொருந்தியது.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். இங்கிலீசில் இருக்கும் உங்கள் பயிற்சிப் புத்தகத்தின் முதற்பக்கத்தை ஒருவரைக்கொண்டு வாசிப்பித்தேன். எண்ணெயில் குளிரவைக்கும் இந்த முறை மன்னாருக்கு வந்தது, கொழும்பிலிருந்து வந்து விரிவுரை செய்த பொறியியலாளர் ஒருவரால் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மனுசன் வந்தபோது என் இரும்புத் தொட்டியின் முன்னால் நின்று படம் எடுத்தவர். தொட்டியின் ஓரத்தில் அலுமாரிப் பூட்டின் துவாரத் தழும்பு இன்னும் இருக்கிறது. துவாரத்தை நான் ஒட்டி அடைத்த அதே இடத்தில், அந்தப் படத்தில் அவருடைய கை இருக்கிறது.

அந்த வரியை வெட்டுங்கள். நான் சொல்வதுபோல எழுதுங்கள். ஓட்டையை வாசித்தவள் ஜெசிந்தா. ரேடியேற்றர் தந்தவர் தாராபுரத்து நாநா. தணல் போட்டவள் நாகம்மா. தொட்டியும், சோளகத்திடம் சூட்டைக் கொடுத்த யோசனையும், தொடங்காமல் நின்ற பிடிவாதமும் அடம்பன் தவராசாவுடையவை. மீன்பெட்டியையும் என் பெயரிலேயே போடுங்கள். அதை வேறு யாரும் தங்களுடையது என்று சொல்ல வரமாட்டார்கள்.

துளியைக் கேட்கப் பழக்கியவர் என்று ஒரு வரி விடுங்கள். அதில் பெயர் எழுத முடியாது. எட்டு மாதம் பக்கத்தில் நின்றும் அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. பிறகு இடம்பெயர்ந்தோம், கேட்பதற்கு ஆளில்லை. நான் செய்த பிழைகளில் திருத்த முடியாத ஒன்று அது.

பெயர் தெரியாதென்று நீங்களும் சாட்டுச் சொல்ல இடம் வைக்காமல், என் பெயரை நானே சொல்லிவிட்டேன். எழுதுங்கள்.